மரத்துக்கு மரம் வந்த குரல்

பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள். ‘நாளை முதல் நான் வேறு ஆள்’ என்று சபதம் போடுகிறவரால் ஆபத்தில்லை. நாளை மறுநாள் பழைய ஆளாகவே திரும்பி வந்துவிடுவார். இன்று கொஞ்சம், நாளை இன்னும் கொஞ்சம் என்று விடாமல் முன்னேறுகிறாரே, அவர்தான் பயப்பட வேண்டிய ஆள். அப்படி ஒருவர் முன்னேறியதால், போடிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டமே வேலையை விட்டுவிட்டுப் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்னேறியவர் நான்தான். (என் முன்னேற்றத்தை ஊரே கவனித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் அலறிக்கொண்டு.)

என் குறை என் குரல். அது இருந்தது, ஆனால் வெளியே வராது. போடி டீக்கடையில் “அண்ணே, ஒரு டீ” என்று நான் சொன்னால், எனக்குப் பின்னால் வந்தவர் குடித்து முடித்துத் துண்டை உதறிக்கொண்டு போன பிறகு, மாஸ்டர் என்னைப் பார்த்து “தம்பி யாரைத் தேடி வந்தீக?” என்பார். பஸ்ஸில் “ராசிங்காபுரம் இறங்கணும்” என்று நான் சொன்னது கண்டக்டருக்குக் கேட்காமல், அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் நடந்தே வீடு வந்த நாட்கள் நிறைய. எங்கள் அப்பா தோட்டத்தில் நின்று மாட்டை அதட்டினால் பக்கத்துத் தோட்டத்து மாடும் சேர்ந்து நிற்கும். வீட்டுக்கு வேண்டிய சத்தம் முழுவதையும் அவரே போட்டுவிட்டதால் எனக்கு வாய்ப்பே வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் தாய்மாமா என்னைத் தன் ஏலத்தோட்டத்துக்குக் கங்காணியாகக் கூட்டிப்போனார். தோட்டம் குரங்கணிக்கு மேலே. ஜீப் போகிற வரை ஜீப், அதற்குப் பிறகு அட்டை கடிக்கக் கடிக்க நடை. மாமாவுக்கு ஒரே மகள், தனலட்சுமி. எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் மாமா மலையேறும் வழியிலேயே விஷயத்தை உடைத்துவிட்டார்.

“மாப்ளே, இந்தக் காய் எடுப்பு முடியிறவரைக்கும் பாப்பேன். நாலு பேரை அதட்டிச் சோலி வாங்கத் தெரியலேன்னு வையி, பேசாமக் கீழ எறங்கிரு. தோட்டமும் கெடையாது, பொண்ணும் கெடையாது. ஒன்னயக் கட்டுனா எம்மக ஆயுசுக்கும் ‘என்ன, என்ன’ன்னு கேட்டே ஓஞ்சுபோவா.”

நான் “சரி மாமா” என்றேன். அவர் “என்ன?” என்றார்.

அந்தத் தோட்டத்தில் கங்காணிக்குக் கண்ணைவிடக் குரல்தான் முக்கியம் என்பது போன அன்றே புரிந்தது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காயோ செடியின் காலடியில், தரையோடு தரையாகப் படர்ந்த சரத்தில் இருக்கும். காய் எடுக்கிற பெண்கள் குனிந்துவிட்டால் ஒருவரும் கண்ணில் படமாட்டார்கள். மேலே பலாவும் வேங்கையும் நாவலும் கிளை கோத்து நிற்பதால் நடுப்பகலிலேயே வெளிச்சம் மங்கித்தான் இருக்கும். சாயங்காலம் மஞ்சு இறங்கும். மூடுபனியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முதலில் ஓடைப்பக்கத்து மரங்கள் மறையும், அப்புறம் நடுச்சரிவு மறையும், அப்புறம் நம் கையே நமக்குச் சந்தேகமாக இருக்கும். எங்கேயோ ஓர் இருமல், எங்கேயோ கூடை உரசுகிற சத்தம். யார், எந்தப் பக்கம், உயிரோடு இருக்கிறவர்தானா என்று ஒன்றும் தெரியாது. கீழ்ப்புறம் ஓடைக்குப் போகிற வழியில் ஓரிடத்தில் பாறை செங்குத்தாக அறுந்து போயிருக்கும். அந்த மஞ்சுக்குள் எல்லாரையும் கூப்பிட்டுச் சேர்த்து மேலே கொண்டுவருவதுதான் என் வேலை.

காய் எடுப்பவர்களில் மூத்தவர் பேச்சியம்மா. முதல் நாளே எனக்கு எச்சரிக்கை வந்துவிட்டது.

“தம்பி, மஞ்சுக்குள்ள யாராச்சும் கூப்பிட்டா வெடுக்குன்னு ‘என்ன’ன்னு கேட்றாதீக. மனுசன்னா மூணு வாட்டி கூப்பிடுவான். முனின்னா ஒரே வாட்டிதான்.”

“மொத வாட்டியே பதில் சொல்லிட்டா?”

“சொன்னவுக திரும்பி வந்தா கேட்டுச் சொல்றேன்.”

இதை அவர் காய் பொறுக்கிக்கொண்டே, உப்பு விலை சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. ஒரு முறை கூப்பிடுவதற்கே குரல் இல்லாதவன், மூன்று முறை கூப்பிட்டு நான் மனிதன் என்று எப்படி நிரூபிப்பது?

அன்று சாயங்காலம் என் முதல் கூப்பாட்டைப் போட்டேன். பக்கத்திலிருந்த பேச்சியம்மா, “என்ன தம்பி, தொண்டையில எதும் சிக்கிக்கிருச்சா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அவர் காதில் முணுமுணுப்பேன், அவர் மலை அதிரக் கூப்பிடுவார். மாமாவுக்கு இது தெரிந்தால் என் கதை முடிந்தது.

இந்தச் சமயத்தில்தான், கடையில் கருப்பட்டி கட்டிக்கொடுத்த பழைய வாரப் பத்திரிகைத் தாள் ஒன்று என் கையில் சிக்கியது. எந்தப் பழக்கத்தையும் ஒரேயடியாக மாற்றப் பார்க்காதே, தினம் எள்ளளவு கூட்டு, ஒரு நாளும் விடாதே, ஒரே நேரத்தில் செய் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். மீதிக் கட்டுரை கருப்பட்டியோடு ஒட்டிப்போய்விட்டது. அதில்தான் எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும்.

திட்டம் போட்டேன். ஓடைக்கரையில் பட்டுப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டை இருந்தது. அதற்கு ஒரு கிழிந்த சாக்கைப் போர்த்தி, தலையில் உடைந்த கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதுதான் என் வேலையாள் என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் காய் எடை போட்டு முடிந்ததும், எல்லாரும் லயத்துக்குப் போய்விடுவார்கள். லயம் என்பது மேட்டில் வரிசையாக இருந்த வேலையாட்கள் வீடுகள். அவர்கள் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் நான் தனியாகக் கீழே இறங்குவேன். முதல் நாள் கட்டைக்குப் பக்கத்தில் நின்று, “எல்லாரும் வாங்க, கூடையோட வாங்க” என்று ரகசியம் பேசுகிற குரலில் சொன்னேன். மறுநாள் ஒரு மரம் பின்னால் தள்ளி நின்று, கட்டைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அதற்கு மறுநாள் இன்னொரு மரம். தொண்டை கெட்டுவிடக் கூடாது என்பதால் நாளொன்றுக்கு ஒரே ஒரு கூப்பாடுதான்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அப்போது இதெல்லாம் தோன்றவில்லை. கட்டையைப் பார்த்தபடி நான் பின்னால் பின்னால் போனேன். எனக்குப் பின்னால், மேட்டில் இருந்தது லயம். மஞ்சுக்குள்ளிருந்து நாளுக்கு ஒரு கூப்பாடு, நாளுக்கு ஒரு மரம் கிட்டத்தில், லயத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் பேச்சியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“தம்பி, ஓடைப்பக்கம் சாயங்காலத்துல ஒரு சத்தம் கேக்குது.”

“என்ன சத்தம்?”

“ஆம்பளக் கொரலு. ‘வா’ங்கிற மாதிரி இழுக்குது, மிச்சம் வெளங்கல. ஒரே வாட்டிதான் கூப்பிடுது. மொதல்ல பலா மரத்துக்கிட்ட கேட்டுச்சு. இப்ப வேங்கைக்கு வந்துருச்சு.”

முந்தின நாள் வேங்கையடியில் நின்றவன் நான். பலா மரத்தடியிலும் நின்றிருக்கிறேன். புத்தியுள்ளவன் அந்த இடத்தில் சிரித்திருப்பான். நான் போட்ட கணக்கு வேறு: நான் நின்று போன மரத்துக்கெல்லாம் முனியும் வந்து நிற்கிறது. அது என்னைத்தான் தொடர்ந்து வருகிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் குரலாக இருக்கும் என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. டீ மாஸ்டருக்கே கேட்காத குரல் அவ்வளவு தூரம் மேடேறிப் போய் ஆட்களைப் பயமுறுத்தும் என்று யார் நம்புவார்கள்? மற்றவர்கள் நம்பிவிட்டார்கள், நான்தான் நம்பவில்லை.

பயம் வந்ததும் பயிற்சியை விட்டிருக்கலாம். விடவில்லை. முனி வந்து பிடித்தால் உதவிக்குக் கூப்பிடவாவது குரல் வேண்டுமே என்று இன்னும் ஊன்றிச் செய்தேன். நடுவில் சளி பிடித்துப் போடிக்கு இறங்கி, அங்கிருந்து ஊருக்குப் போய்ச் சில நாள் வீட்டில் படுத்துக் கிடந்தேன். திரும்பி வந்த அன்று கட்டையைப் பார்க்கப் போனால், அதன் முன்னால் வெற்றிலை, வாழைப்பழம், எரிந்து போன சூடத்தின் கறுப்பு. நான் போர்த்திய சாக்கின் மேல் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். கவிழ்த்து வைத்த கூடை நிமிர்ந்து, அதில் பழுத்த ஏலக்காய் கொஞ்சம் கிடந்தது. ஓடைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. என் வேலையாள் என் பக்கம் லேசாகத் திரும்பியிருப்பது போல் தோன்றியது. அன்று நான் போட்ட கூப்பாட்டில் பாதி பயிற்சி, பாதி உண்மையான அலறல்.

அதோடு தோட்டம் நின்றது. ஒருவரும் செடிக்குள் இறங்கவில்லை. காய் பழுத்து வெடிக்கிற பருவம் அது. எடுக்காமல் விட்டால் அணிலும் எலியும்தான் அறுவடை செய்யும். செய்தி கேட்டு மாமா மேலே ஏறி வந்தார். கூடவே உடுக்கையடித்துக் குறி சொல்கிற கோடாங்கி ஒருவர், ஒரு சேவல், பொங்கல் பானை, பொங்கல் வைக்கத் தனலட்சுமி. பேச்சியம்மா மாமாவிடம், “மொதலாளி, இன்னும் ஒரே மரந்தான் பாக்கி. அதுக்கு இங்கிட்டு எங்க வீடுதான்” என்றார். கோடாங்கி உடுக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, வருவது கோபக்கார முனி, மேட்டுக்கு வருமுன் வழிமறித்துக் கல் நட்டுச் சாந்தி செய்ய வேண்டும் என்றார்.

சாயங்காலம் லயத்துக்குக் கீழே கல் நட்டார்கள். மஞ்சு இறங்கத் தொடங்கியது. கூட்டம் முழுவதும் ஓடைப்பக்கம் பார்த்து, மூச்சு விடாமல் நின்றது. மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் வரிசையில். கோடாங்கி அவருக்கும் முன்னால், உடுக்கையை அடித்து, மஞ்சைப் பார்த்துக் கேட்டார்:

“யாரு நீ? எதுக்கு வர்ற? வாயத் தெறந்து சொல்லு!”

உடுக்கை நின்றது. இலையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தினம் தினம் கொஞ்சமாகப் பழகிய பழக்கத்தைப் பற்றி அந்தப் பத்திரிகைக்காரர் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது உங்களைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. நான் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தேன். மஞ்சின் வாசம் மூக்கில் ஏறியது. அதுதான் என் நேரம். என் கால்கள் என்னை எனக்குப் பின்னால் இருந்த நாவல் மரத்தடிக்குக் கொண்டுபோயின. அன்றைய மரம் அதுதான். முதுகு நிமிர்ந்தது. வயிறு உள்ளே போனது. பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்த என் தலைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், வாய் திறந்துகொண்டது.

“எல்லாரும் வாங்க! கூடையோட வாங்க!”

எதிரே எதிர்பார்த்த முனி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஓடுவார்கள். பின்னால் முனி என்பதால் முன்னால் ஓடுவார்கள். முன்னால் இருந்தது சரிவு. முதலில் கோடாங்கி பறந்தார், அவருடைய உடுக்கை தனியாக உருண்டது, அவருக்குப் பின்னால் என் மாமா, அவருக்குப் பின்னால் ஊர் முழுவதும். சேவல் மட்டும் நிதானமாக எதிர்த்திசையில் நடந்து போனது.

எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஓடாமல் நின்றது. நாவல் மரத்தடியில்தான் தனலட்சுமி அடுப்பு வைத்திருந்தாள். கையில் கரண்டி. கண்ணை அகல விரித்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான்… அது ஒங்க வாயிலருந்தா வந்துச்சு?”

அந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லியது. பலா மரம், வேங்கை, கட்டைக்கு முன் சூடம், எல்லாமே நான். வெட்கம் வருவதற்குள் அவள் முகம் மாறியது. “ஐயோ, அங்கிட்டுப் பாறை அந்து கெடக்கே! அப்பா அங்கிட்டுத்தான ஓடுது!” என்றாள்.

மஞ்சுக்குள் ஒன்றும் தெரியவில்லை. காலடிச் சத்தங்கள் மட்டும் கீழே கீழே போயின. என் உடம்பில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன்.

“மாமா! நில்லுங்க! பள்ளம்!”

காலடிகள் இன்னும் வேகமாயின. ஒரு முறை கூப்பிடுவது முனி அல்லவா?

“மாமா! நில்லுங்க! பள்ளம்!”

யாரோ ஒருவர் தடுமாறி வேகம் குறைந்தது கேட்டது. தொண்டையில் ரத்த ருசி வந்துவிட்டது. மூச்சு இல்லை. தனலட்சுமி என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அந்த அறையில் மூன்றாவது கூப்பாடு தானாக வெளியே வந்தது.

“மாமா! நில்லுங்க! பள்ளம்!”

எல்லாக் காலடியும் நின்றது.

பிறகு எங்கேயோ கீழே, மஞ்சுக்குள் பேச்சியம்மாவின் குரல்: “மூணு வாட்டி கூப்பிட்டுருச்சு. மனுசந்தான். யாரும் அசையாதீக.”

நாங்கள் தட்டுத் தடவி இறங்கிப் போய்ப் பார்த்தபோது, மாமா பாறை விளிம்பில் ஓர் ஏலச்செடியின் தூரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு காலில், இன்னொன்று பள்ளத்துக்குள். கோடாங்கி அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கூப்பிட்டது நீயாடா மாப்ளே?”

“ஆமா மாமா.”

“என்ன?”

“ஆமா மாமா!” என்று கத்தினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

நடந்ததை எல்லாம் சொன்னபோது முதலில் யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் பேச்சியம்மா ஆரம்பித்து வைத்தார். லயம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. கோடாங்கி மட்டும் சிரிக்காமல் உடுக்கையைத் தேடிக்கொண்டிருந்தார். கல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார் மாமா. நட்ட கல்லைப் பிடுங்கக் கூடாது என்று ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் என் தொண்டைப் பயிற்சிக்கு இன்றும் அங்கே ஒரு கோயில் இருக்கிறது. கூப்பிடு முனி என்று பெயர். வருடம் ஒரு பொங்கல். நானே போய் என்னையே கும்பிட்டு, என்னிடமே விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன். சேவல் ஆயுசு முழுவதும் தோட்டத்தில் ராஜாவாகத் திரிந்தது.

சிரித்து ஓய்ந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது பேச்சியம்மா ஒன்று கேட்டார். “அதெல்லாஞ் சரி தம்பி. நீங்க சளி பிடிச்சுப் போடிக்குப் போயிருந்தீகளே, அப்பயும் கூப்பிட்டுச்சே. அது யாரு?”

யாரோ கேலி பண்ணியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. தோட்டமும் வந்தது. எங்கள் வீட்டில் நான் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். “காப்பி” என்று நான் சொன்னால் உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட நின்றுவிடும். மூன்றாவது முறைக்குத்தான், “மனுசந்தான்” என்று சிரித்துக்கொண்டே டம்ளர் வரும். பிள்ளைகளுக்கும் தனலட்சுமி இதைப் பழக்கிவிட்டாள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கலுக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். கும்பிட்டு முடித்து, பானையைக் கழுவிக்கொண்டிருக்கையில் மஞ்சு இறங்கிவிட்டது. மற்றவர்கள் லயத்துக்கு ஏறிவிட்டார்கள். அப்போது கீழே, ஓடைக்கரைக் கட்டை இருந்த பக்கத்திலிருந்து, ரகசியம் பேசுகிற மாதிரி மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

“எல்லாரும் வாங்க…”

எனக்கு அந்தக் குரல் தெரியும். டீ மாஸ்டருக்குக் கேட்காத குரல் அது. தனலட்சுமியைப் பார்த்தேன். அவள் கை பானைக்குள் அப்படியே நின்றிருந்தது. இரண்டாவது முறை கூப்பிடட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கூப்பிடவில்லை.

அவள் பானையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க போவோம். அது இப்பத்தான் மொத மரத்துல ஆரம்பிச்சிருக்கு.”

இப்போது போடியில் தங்கிவிட்டோம். மழைக் காலத்தில் மலை மறைந்தால், “இன்னைக்கு எந்த மரத்துல நிக்குதோ” என்பாள் அவள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, மலைப்பக்கம் இருக்கிற ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருவேன்.